ஐசிங்கில் கரையும் புள்ளி: கண்டிக் கேக்குகளில் தமிழ் எழுத்து

கேக்கின் மேல் எழுதிய தமிழில் பிழை இருந்தால் கண்டியில் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "எழுதினவருக்குத் தமிழ் தெரியாது." எரிச்சலைத் தணிக்க இந்தப் பதில் போதும், பிழையை விளக்கப் போதாது. தமிழே தெரியாத கை ஒரு பெயரைப் பிசிறில்லாமல் எழுதிவிடுவதுண்டு. தமிழ் படித்த கை "பிரந்தநாள்" என்று எழுதுவதும் உண்டு. ஆகவே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் மனத்தில் உள்ள வாழ்த்து, கேக்கின் மேற்பரப்பை அடைவதற்குள் எத்தனை கைகள் மாறுகிறது? எந்தக் கைமாற்றத்தில் எந்த வகைப் பிழை நுழைகிறது?

பிழைகளை இப்படி வகைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பிழையின் வடிவமே அது நுழைந்த வாசலைக் காட்டிக்கொடுக்கிறது. காது வழியாக வந்த பிழைக்கு ஒரு முகம்; கண் வழியாக வந்ததற்கு வேறு முகம்; ஐசிங்கே செய்யும் பிழை ஒரு வகை; கணினி செய்வது இன்னொரு வகை; வாழ்த்தும் குறிப்பும் கலந்துபோவது ஐந்தாவது வகை. இவற்றோடு, பிழையென்று பழிக்கப்பட்டாலும் உண்மையில் வழக்கு வேறுபாடாக மட்டுமே இருப்பவையும் உண்டு. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமும் வழக்கமும்

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13.7 இலட்சம் பேர் வாழ்ந்தனர். இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தவரையும் கூட்டினால் அதில் நான்கில் ஒரு பங்கு வரும். தலதா வீதி, கொட்டுகொடெல்ல வீதி, திருகோணமலை வீதிப் பக்கத்துக் கடைகளுக்கும், கட்டுக்கலை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணை, கம்பளை, நாவலப்பிட்டிப் பேக்கரிகளுக்கும் இந்த மூன்று சமூகத்தவரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நின்றுதான் கேக் வாங்குகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு மூன்று மொழியிலும் பேசத் தெரிந்திருக்கலாம்; உள்ளே ஐசிங் வேலை பார்க்கும் பாஸுக்கு அவற்றில் ஒன்றில் மட்டும் எழுதத் தெரிந்திருக்கலாம்.

கேக் இங்கே வந்த வழியையும் நினைவில் வைக்க வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. கோப்பித் தோட்டங்கள் வந்தன. 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். துரைமார் பங்களாச் சமையலறைகளும் பறங்கியர் வீடுகளும் கேக்கைப் பழக்கப்படுத்தின. அதனால் கேக்கின் மொழி தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம். இன்றும் வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் "ஹெப்பி பேர்த்டே" ஆங்கில எழுத்தில்தான் விழும். ரிபன் கேக்கோ பட்டர் கேக்கோ சொக்கலேட் கேக்கோ, அந்த இரண்டு சொற்களைக் கை தூக்கத்திலும் எழுதும். தமிழும் சிங்களமும் கேட்டால் மட்டும் கிடைப்பவை.

கேட்கும் சந்தர்ப்பங்கள் இப்போது கூடியிருக்கின்றன. பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, அறுபதாம் கலியாணம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சித்தி, பல்கலைக்கழகம் தெரிவானது, வெளிநாடு போகிறவருக்குப் பிரியாவிடை, ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம் என்று பட்டியல் நீளும். கலியாணக் கேக் மட்டும் பெரும்பாலும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிவிடுகிறது. இலங்கையில் மண்டபத்தில் அடுக்கடுக்காக நிற்பது அநேகமாக அலங்கார அமைப்பே. விருந்தினருக்குப் போவது சிறு பெட்டியில் மடித்த ரிச் கேக் துண்டு. மணமக்களின் பெயர் அந்தப் பெட்டியில் அச்சாகிறது. அச்சகத்தில் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க நேரமுண்டு. ஐசிங் எழுத்துக்கு அந்த நேரம் இல்லை. முச்சக்கர வண்டி வெளியில் நிற்கும்போதுதான் பெயரே எழுதப்படுகிறது.

ஐசிங் செய்யும் பிழை

முதலில் பொருளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எவ்வளவு தமிழ் படித்தவரையும் அது தோற்கடிக்கும். "இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" என்ற வரியில் 17 எழுத்துகள். அவற்றில் 6 மெய்யெழுத்துகள். அதாவது உடல் எழுத்தைத் தவிர 6 தனிப் புள்ளிகள் வைக்க வேண்டும். ஆங்கில வாழ்த்தின் 13 எழுத்துகளில் மேலே புள்ளி வைக்க வேண்டிய எழுத்து ஒன்றே ஒன்று. எட்டு அங்குல வட்டக் கேக்கில் ஓரத்துப் பூ அலங்காரம் இரு பக்கமும் ஓர் அங்குலம் எடுத்தால், எழுதக் கிடைப்பது ஆறு அங்குலம். அதிலும் பெயருக்கு இடம் விட வேண்டும்.

எழுதும் கருவி கூம்பாகச் சுருட்டிய எண்ணெய்க் கடதாசி, அல்லது பையின் நுனியில் மாட்டிய வட்டத் துவார நொசில். எழுத்துக்கு வழக்கமாக 1, 2, 3ஆம் இலக்க நொசில்களைப் பயன்படுத்துகிறார்கள். பட்டர் ஐசிங் துவாரத்தைவிட்டு வந்ததும் சற்றுப் பரவும். கோடு தடித்தால் முதலில் அடைபடுவது சுழிகள். மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டும் உள்ளே நிரம்பினால் ஒரே கட்டியாகத் தெரியும். வாணி என்று சரியாகவே எழுதியிருந்தாலும் வானி என்று வாசிக்கப்படும். 'ஃ' வந்தால் மூன்று புள்ளிகளும் சேர்ந்து ஒரு குவியலாகிவிடும். பாத்திமா என்ற பெயரை ஆய்தம் இல்லாமல் எழுதும் இலங்கை வழக்கம் கேக்குக்கு இந்த வகையில் வசதியானது.

அடுத்த சிக்கல் கையைத் தூக்குவதில். ஆங்கிலக் கூட்டெழுத்தில் ஒரு சொல்லை ஒரே இழுப்பில் முடிக்கலாம். தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை; ஒவ்வோர் எழுத்து முடிவிலும் நொசிலைத் தூக்க வேண்டும். அழுத்தத்தை நிறுத்தாமல் தூக்கினால் ஐசிங் கூராக எழும்பி நிற்கும். அந்தக் கூர் சாய்ந்தால் இல்லாத புள்ளி ஒன்று முளைத்துவிடும். இழுபட்டால் இல்லாத கால் ஒன்று. வைத்த புள்ளியோ, எழுத்தோடு நெருங்கி நின்றால் அதனுள் கரைந்துபோகும். "அம்மா" என்று எழுதியது "அமமா" ஆவது இப்படித்தான்.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மழையும் ஈரமும் மிகுந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. முட்டை வெள்ளையும் ஐசிங் சீனியும் சேர்த்தடித்த ரோயல் ஐசிங் காற்றில் ஈரம் கூடினால் மெதுவாகவே இறுகும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கேக்கில் நீர் பனிக்கும்; வெள்ளையின் மேல் எழுதிய சிவப்பும் கறுப்பும் அந்த நீரில் கசியும். பிறகு கேக் கம்பளை, நாவலப்பிட்டி வளைவுகளில் மடியில் ஏறிப் பயணம் போகிறது. கடையில் சரியாக இருந்த கொம்பு தோட்டத்தில் இறங்கும்போது சுழியை இழந்திருக்கலாம்.

எழுதும் பொருள் எழுத்தை ஆள்வது தமிழுக்குப் புதிதல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதித்தது. ஆனாலும் ஓலையில் எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழிக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே வடிவம் என்றே சுவடிகள் இருந்தன. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்த பெருமை 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. சுவடி பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் புள்ளியில்லா வரியைப் பொருளறிந்து புள்ளியிட்டே படித்தார்கள். கேக்கைப் பார்க்கும் வீட்டாரும் அதையே செய்கிறார்கள். பெயர் முன்பே தெரிந்திருப்பதால் கரைந்துபோன புள்ளியைக் கண் தானாகவே வைத்துக்கொள்கிறது. ஆகவே பொருள் செய்யும் பிழைகள் மிக அதிகம் என்றாலும் மனத்தை மிகக் குறைவாகவே நோகச் செய்கின்றன.

காது வழி வரும் பிழை

தொலைபேசியில் கேக் சொல்வது வழக்கமானபின் பெருகியவை இவை. "அண்ணே, ஒரு கிலோ சொக்கலேட் கேக், பேர் வள்ளி" என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு எழுதுபவர் தமிழ் தெரிந்தவரே. ஆனால் பேச்சில் ல, ள, ழ மூன்றும் பலர் வாயில் நெருங்கிவிட்டன. ந, ன, ண, ர, ற என்பனவும் அப்படியே. எனவே வள்ளி வல்லியாகவும், அழகன் அலகனாகவும், கலைவாணி களைவானியாகவும் சீட்டில் ஏறுகிறார்கள். "பிரந்தநாள்", "வாள்த்துக்கள்" இரண்டும் இந்த வாசலால் வந்தவை. ஐசிங் பாஸ் சீட்டில் உள்ளபடி அச்சுப் பிசகாமல் எழுதினால் பிழையும் அச்சுப் பிசகாமல் கேக்கில் ஏறும்.

எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்ற முடிவு இங்கே தலைகீழாகிறது. காதால் கேட்டு ஒலியை எழுத்தாக்க முடிந்தவர்தான் இப்பிழையைச் செய்ய முடியும். தமிழ் அறியாதவருக்கு "பிரந்தநாள்" எழுத வராது. சிங்களத்திலும் இதே தொல்லை இருக்கிறது. அம்மொழிப் பேச்சில் நகர ணகர வேறுபாடும் லகர ளகர வேறுபாடும் மறைந்துவிட்டன. எழுத்தில் மட்டும் அவற்றைக் காக்க வேண்டியிருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தின் முதற்சொல்லான "சுப" என்பதை எந்தச் சகரத்தால் தொடங்குவது என்றுகூடச் சிங்களத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு சிங்கள பாஸுக்கு "இந்த ள வேறு, அந்த ல வேறு" என்று சொன்னால் அது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

கண் வழி வரும் பிழை

எழுத்தை வாசிக்காமல் உருவமாகப் பார்த்து வரைபவரின் பிழை முற்றிலும் வேறு சாதி. அவருக்கு ர, ற குழப்பம் வராது. அவை உருவத்தில் வேறு. அவருக்குக் குழப்பம் தருபவை ஒத்த உடல் கொண்ட எழுத்துகள்: ந–த, ழ–மு, ர–துணைக்கால், எ–ஏ, ஒற்றைக் கொம்பு–இரட்டைக் கொம்பு. சீட்டில் கையெழுத்து அவசரமாக இருந்தால் "பிறந்தநாள்" "பிறந்ததாள்" ஆகும். "வாழ்த்து" "வாமுத்து" ஆகும். முதியவர் எழுதித் தந்த சீட்டில் துதிக்கை வைத்த பழைய லை, ணை இருந்தால் குழப்பம் இரட்டிக்கும். தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்களின் கையில் அந்த வடிவங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இளையவருக்கு அவை தமிழாகவே தெரிவதில்லை.

இந்த வகைப் பிழைக்கு இலங்கையில் மிகப் பிரபலமான எடுத்துக்காட்டு கேக்கில் நிகழவில்லை, பேருந்தில் நிகழ்ந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய இருக்கைக்கு மேலிருந்த அறிவிப்பில் தகரம் நகரமாகி, தாய் நாயாகிய படம் நாடு முழுவதும் பரவியது. எழுதியவர் வன்மத்தோடு எழுதினார் என்று பலர் கொதித்தார்கள். ஆனால் த, ந இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிய உருவங்கள். வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு அந்தச் சிறு வேறுபாடு ஓர் அலங்காரமாகவே படும்.

அதற்காகப் பேருந்துப் பலகையையும் கேக்கையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கியது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1991இன் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு உருவானது. அரசின் பலகையில் பிழையிருந்தால் அது சட்டம் தந்த உரிமையைக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டதன் அடையாளம். அங்கே கோபம் நியாயம். பேக்கரிக்கு அப்படியொரு சட்டக் கடமை கிடையாது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர், வாடிக்கையாளர் ஆசைப்பட்டார் என்பதற்காகத் தெரியாத உருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைகிறார். பலகையில் அலட்சியமாகத் தெரியும் அதே பிழை இங்கே முயற்சியின் தழும்பு.

கணினி செய்யும் பிழை

ஐசிங் எழுத்தின் தொல்லையிலிருந்து தப்ப வந்தது உண்ணக்கூடிய அச்சு. மெல்லிய சீனித் தாளிலோ அரிசித் தாளிலோ உணவு நிற மையால் படத்தையும் வாழ்த்தையும் அச்சிட்டுக் கேக்கின் மேல் ஒட்டுகிறார்கள். பிள்ளையின் படம், பின்னணியில் கார்ட்டூன், கீழே தமிழில் பெயர். கோடு தடிப்பதில்லை, புள்ளி கரைவதில்லை. ஆனால் பிழை வேறு கதவால் வருகிறது.

இலங்கைத் தமிழ் அச்சுலகம் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் வாழ்ந்தது. பாமினியில் தட்டிய வரி, அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திறக்கும். யூனிகோட்டில் தட்டினால் அந்தத் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு. யூனிகோட் முறையில் 'கெ' என்பதற்கு முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் தரவு சேமிக்கப்படும். திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. இந்திய எழுத்துமுறைகளைக் கையாளும் வசதி இல்லாத பழைய போட்டோஷொப் பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் அநாதையாக நிற்கும்; 'கொ' மூன்று துண்டாகும்; புள்ளி எழுத்தின் தலையை விட்டு விலகி நிற்கும். தமிழ் வாசிப்பவர் உடனே கண்டுபிடிப்பார். வாசிக்காதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? எழுத்துகள் எல்லாம் இருக்கின்றனவே.

ஒரு பிழையைப் பார்த்ததும் அது கையா கணினியா என்று சொல்லிவிடலாம். கை செய்யும் பிழை ஒழுங்கற்றது. ஓரிடத்தில் புள்ளி போனாலும் அடுத்த இடத்தில் இருக்கும். கணினிப் பிழை ஒழுங்கானது. ஒரு கொம்பு இடம் மாறினால் வரியிலுள்ள எல்லாக் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

குறிப்பும் வாழ்த்தும் கலப்பது

இது மொழி வேறுபாடற்ற பிழை, உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் ஜென் யேட்ஸ் என்பவர் இத்தகைய கேக்குகளின் படங்களை 2008 முதல் திரட்டி, 2009இல் நூலாகவும் வெளியிட்டார். அவருடைய திரட்டுக்குத் தூண்டுகோலாக அமைந்த கேக்கில், ஒரு வாழ்த்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னபோது "அதன் கீழே" என்ற சொற்களையும் சேர்த்தே, அதுவும் எழுத்துப் பிழையோடு, எழுதிவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னதைச் சீட்டில் அப்படியே எழுதி உள்ளே அனுப்பும் எந்தக் கடையிலும் இது நடக்கலாம். "பெயர் மட்டும் தமிழில்" என்ற குறிப்பு வாழ்த்து வரிக்கு அடுத்து அதே சீட்டில், அதே கையெழுத்தில் இருந்தால், தமிழ் வாசிக்காத பாஸுக்கு எது வாழ்த்து, எது குறிப்பு என்று தெரிய வழியில்லை. இங்கே பிழை எழுத்தறிவில் இல்லை, சீட்டின் அமைப்பில் இருக்கிறது.

பிழையா, வழக்கா?

பிழையென்று சண்டை பிடிக்கப்படும் சில வடிவங்கள் சண்டைக்குத் தகுதியானவையே அல்ல. முதலாவது, "வாழ்த்துகள்" எதிர் "வாழ்த்துக்கள்". ஒற்று மிகாது என்போர் வீடுகள், நாடுகள் என்பவற்றைக் காட்டுவார்கள். மிகும் என்போர் பசுக்கள், பூக்கள் என்பவற்றையும் நெடுநாள் பத்திரிகை வழக்கையும் காட்டுவார்கள். பசு முற்றியலுகரம், வாழ்த்து குற்றியலுகரம் என்று முதற்கட்சி திருப்பிச் சொல்லும். கேக்குக்கு இந்த வழக்கில் தீர்ப்பு எளிது: ஒற்றில்லாத வடிவத்தில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மிச்சம். இடம் இன்னும் போதாவிட்டால் "வாழ்த்து" என்று ஒருமையில் நிறுத்தினாலும் அன்பு குறையாது. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: இடம் முடிந்ததென்று "வாழ்த்துக்" என ஒரு வரியிலும் "கள்" என அடுத்த வரியிலும் உடைப்பது. அப்போது இரண்டாம் வரி தவறணைப் பெயர்ப்பலகையாகிவிடும்.

இரண்டாவது, ஊர் வழக்கு. ஆசிரியர் தினக் கேக்கில் யாழ்ப்பாணப் பின்னணி கொண்ட வீட்டுப் பிள்ளை "ரீச்சர்" என்று எழுதச் சொல்லும். தோட்டத்துப் பிள்ளை "டீச்சர்" என்று எழுதச் சொல்லும். ஆங்கிலத்தின் t ஒலியை ரகர றகரத்தால் எழுதுவது ஈழத்து மரபு. டகரத்தால் எழுதுவது தமிழகத்தோடும் மலையகத்தோடும் ஒட்டிய மரபு. கண்டியில் இரண்டும் ஒரே வகுப்பறையில் இருக்கின்றன. கடைக்காரர் ஒன்றை மற்றதாகத் "திருத்த" முனைந்தால்தான் பிழை. பிறந்தநாள் என்று சேர்ப்பதா, பிறந்த நாள் என்று பிரிப்பதா என்பதும் இப்படியே. "பிறந்ததினம்" என்ற இலங்கை வழக்கில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை: இரண்டு தகரங்களில் ஒன்றை விழுங்கிப் "பிறந்தினம்" என்றோ, பெயரெச்சத்தின் பின் மிகாத ஒற்றைச் சேர்த்துப் "பிறந்தத்தினம்" என்றோ எழுதுவது எந்த வழக்கிலும் சேராது.

மூன்றாவது, பெயர். தர்ஷினி, தர்சினி, தர்ஷிணி மூன்றும் மூன்று வெவ்வேறு பிள்ளைகளின் பெயர்கள். எது இலக்கணப்படி சரி என்ற கேள்வி இங்கே செல்லாது. பிறப்புச் சான்றிதழில் எது இருக்கிறதோ, அந்தப் பிள்ளை தன் கொப்பியில் எதை எழுதுகிறதோ அதுவே சரி. வாழ்த்துச் சொல்லில் ஒரு புள்ளி போனால் பிறகு சொல்லிச் சிரிக்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினால் மெழுகுதிரி ஊதும் பிள்ளையின் முகம் மாறும். பிழைகளுக்கு இடையே தரவரிசை போட வேண்டுமானால் முதலிடம் பெயருக்கு. மற்றதெல்லாம் அதன் பின்னே வரட்டும்.

நிறுத்தக்குறிகள்

காற்புள்ளியும் வியப்புக்குறியும் தமிழுக்கு அச்சு வழி வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் உரைநடையில் அவற்றை ஒழுங்காகக் கையாண்டவர்களில் ஆறுமுக நாவலர் முதன்மையானவர். கேக்கில் இவற்றுக்கு வேலை குறைவு. வரி மாறுவதே நிறுத்தத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. "அன்பு அம்மாவுக்கு" ஒரு வரி, வாழ்த்து ஒரு வரி என்று அமைந்தால் காற்புள்ளி தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் வைத்தால் தமிழில் அது ஆபத்தும்கூட: முன்னெழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளி, வாக்கிய முடிவுப் புள்ளி, அலங்காரத்துக்குத் தூவிய வெள்ளி மணி எல்லாம் மெய்யெழுத்துப் புள்ளியோடு போட்டியிடும். எழுத்துக்கு மேலே மணி தூவாதே என்பது தமிழ்க் கேக்குக்கு மட்டும் பொருந்தும் விதி.

எண்ணோடு சேரும் விகுதி இன்னொரு சந்தேக இடம். 50வது, 50ஆவது இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இலக்கணம் விரும்புவது 50ஆவது. 1வது என்பது மட்டும் எப்படிப் பார்த்தாலும் உறுத்தும். முதலாவது என்று எழுத்தால் எழுதுவதே அழகு. ஆங்கில வரியில் நிலைமை வேறு. ஆசிரியர் தின வாழ்த்தில் உடைமைக் குறி (') s எழுத்துக்கு முன்னா பின்னா, அல்லது வேண்டவே வேண்டாமா என்று ஆண்டுதோறும் ஒக்டோபரில் தடுமாற்றம் வருகிறது. ஆங்கில ஆசிரியைக்கே கொண்டுபோகும் கேக் என்றால், அந்தச் சிறு குறியைச் சரியான இடத்தில் வைப்பது நல்லது.

சொற்கள் யாருடையவை?

பிழைக்குப் பொறுப்பாளி யார் என்பது, சொற்களுக்குச் சொந்தக்காரர் யார் என்பதோடு ஒட்டியது. இந்தக் கேள்வி வேறொரு நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2014இல் பெல்பாஸ்ட் நகரில் அஷேர்ஸ் என்ற பேக்கரி, ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய 36.50 பவுண் கேக்கைச் செய்ய மறுத்தது. தங்கள் நம்பிக்கைக்கு மாறான வாசகத்தை எழுதும்படி கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2018 ஒக்டோபர் 10ஆம் திகதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கேக்கில் எழுதுபவரும் ஒரு வகையில் பேசுகிறார் என்று நீதிமன்றம் ஏற்றதாக அதைக் கொள்ளலாம்.

கண்டியில் எவரும் அந்த அளவுக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் பங்கீடு தெளிவாக வேண்டும். எழுத்துக்கூட்டல் வாடிக்கையாளருடையது: அவர் எழுதித் தர வேண்டும். படி எடுப்பது கடையுடையது: தந்ததை மாறாமல் ஏற்ற வேண்டும். வாயால் சொல்லிவிட்டு எழுத்துப் பிழைக்குச் சண்டை பிடிக்கும் வாடிக்கையாளருக்கு நியாயம் பாதிதான். எழுதித் தந்த சீட்டைத் தொலைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிய கடைக்கு நியாயமே இல்லை.

செய்யக்கூடியவை

வாசலுக்கு வாசல் காவல் வேறு. காது வழிப் பிழையைத் தடுக்கத் தொலைபேசிக் குரலை நிறுத்தி, வட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்க வேண்டும். கண் வழிப் பிழையைத் தடுக்க, அந்த எழுத்தைக் கைச்சீட்டில் மறுபடி எழுதாமல் பெரிய அச்செழுத்தாக எடுத்து பாஸின் முன் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு மறுபிரதியும் ஒரு புதிய பிழைக்கு அழைப்பு. கணினிப் பிழைக்கு மருந்து, தட்டிய வரியை மட்டும் அனுப்பாமல் அதன் படத்தையும் அனுப்பி, அச்சுக்கு முன் இரண்டையும் ஒப்பிடுவது. குறிப்பும் வாழ்த்தும் கலப்பதற்குச் சீட்டில் இரண்டு கட்டங்கள் போதும்: மேலே எழுத வேண்டியது, கீழே எழுதக் கூடாதது.

ஐசிங்குக்கு உரிய காவல் கொஞ்சம் தொழில்நுட்பமானது. எழுத்துகளை முழுக்க எழுதி, சற்று இறுகவிட்டு, புள்ளிகளைக் கடைசியில் ஒருசேர வைப்பது நல்லது; எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மேலே இடைவெளி விட வேண்டும். சீட்டின் ஓரத்தில் "புள்ளி 6" என்று வாடிக்கையாளரே எண்ணி எழுதிவிட்டால், தமிழ் வாசிக்காத பாஸும் எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கலாம். பெயரை நேரே கேக்கில் எழுதாமல் சிறு சொக்கலேட் தகட்டிலோ ஃபொன்டன்ட் பட்டியிலோ எழுதி மேலே வைத்தால், தவறினால் தகட்டை மட்டும் மாற்றலாம். வழக்கமான பத்துப் பதினைந்து வாழ்த்துகளைப் பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, பெரிய எழுத்தில் மட்டையிட்டுச் சுவரில் மாட்டுவது எந்தப் பேக்கரிக்கும் ஒரு பாண் விலைக்கு மேல் செலவாகாது. முடிந்ததும் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிப் பதில் வந்தபின் பெட்டியை மூட வேண்டும். முன்பெல்லாம் பிழை அரை மணிநேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். இப்போது படமாக இலண்டன், ரொறன்ரோ உறவினர் வரை போகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பரவலான ஒரு தீர்வு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது: பிழை வரும் என்று பயந்து "ஆங்கிலத்திலேயே போடுங்கோ" என்று சொல்லிவிடுவது. அது அன்றைய கேக்கைக் காப்பாற்றும். அடுத்த நூறு கேக்குகளைக் கெடுக்கும். ஆங்கில வாழ்த்தைக் கை தூக்கத்தில் எழுதக் காரணம் அந்த மொழியின் எளிமை மட்டும் அல்ல, நாள்தோறும் எழுதிப் பழகியதுதான். தமிழ் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் கை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தடுமாறும். சுழியை எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் அழுத்தத்தை நிறுத்துவது, புள்ளிக்கு எவ்வளவு ஐசிங் என்பதெல்லாம் எழுதி எழுதியே வரும். சிங்களக் கையா தமிழ்க் கையா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆகவே கண்டிக் கேக்குகளில் தமிழ் திருந்த வேண்டுமானால் முதல் வேலை வாடிக்கையாளருடையது: தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது, கேட்கும்போதே தெளிவாக எழுதிக் கொடுப்பது, பெயரைத் தவிர மற்றப் பிழைகளை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்வது.